இட்லி மாவும் என் செயலியும்



நம்ம பள்ளி வளாகத்து மரங்களைப் படம் எடுத்துக் கணக்கெடுத்தோம் இல்லையா? அதுக்கான ஆண்ட்ராய்டு செயலியை எழுதினது நான்தான். ஒன்பதாம் வகுப்புத் தம்பி ஒருவன் ரெண்டு நாள் வெயிலில் அலைந்து 43 மரங்களைப் படம் எடுத்தான். அதில் 40 படங்கள் அழிந்து போச்சு. சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்துப் பூவரச மரத்தின் படமும் அதில் ஒன்று. அடுத்த வாரம் அடித்த காற்றில் அந்த மரமே சாய்ந்துவிட்டது. மற்ற மரங்களைத் திரும்ப எடுத்துவிட்டோம். பூவரசை எப்படி எடுக்கிறது?

தப்பு தம்பி மேல இல்ல, போன் மேலயும் இல்ல. என் நிரலில்தான். அதையே ஒரு பாடமாக இங்கே எழுதுகிறேன்.

என்ன நடந்தது?

என் செயலி பின்னணியில் மூன்று வேலைகள் செய்யணும்.
1. படங்களின் அளவைச் சுருக்குவது.
2. சுருக்கிய படங்களைக் கணினி ஆய்வகத்துக்கு அனுப்புவது.
3. இடம் காலியாக, போனில் உள்ள பெரிய படங்களை அழிப்பது.

மூன்றுக்கும் மூன்று 'சர்வீஸ்' எழுதினேன். திரை தெரியாமல் பின்னால் ஓடும் வேலைக்கு அதுதான் பெயர். ஆனால் சர்வீஸ் என்று பெயர் வைத்தாலே அது தனியாக ஓடாது. திரையை இயக்கும் அதே மெயின் த்ரெட்டில்தான் ஓடும். நாம் திரையைத் தொட்டு 5 வினாடி பதில் வராவிட்டால் "செயலி பதிலளிக்கவில்லை" என்று போன் சொல்லிவிடும். அதனால் ஒவ்வொரு சர்வீஸுக்கும் தனித்தனி த்ரெட் கொடுத்தேன். 1, 2, 3 என்று வரிசையாகத் தொடங்கினேன். வரிசையாகத் தொடங்கினால் வரிசையாக முடியும் என்று நினைத்தேன். அங்கேதான் ஏமாந்தேன்!

படத்தைச் சுருக்க நேரம் ஆகும். அழிப்பதற்கு ஒரு நொடி போதும். சுருக்கும் வேலை மூன்று படங்களை முடித்து நாலாவதைத் திறக்கப் போவதற்குள், அழிக்கும் வேலை 43-ஐயும் அழித்துவிட்டது. அனுப்பும் வேலையோ, ஆரம்பத்திலேயே தேடிப் பார்த்து, சுருக்கிய படம் எதுவும் இல்லாததால் "முடிந்தது" என்று நின்றுவிட்டது.

அம்மா சொன்ன வழி

வீட்டில் சோகமாக உட்கார்ந்திருந்தேன். விஷயத்தைக் கேட்ட அம்மா, "அரிசியை ஊறப் போட்டு, அரைச்சு, புளிக்க வச்சு, அப்புறம்தானே இட்லி ஊத்துறோம்? நீ எல்லாத்தையும் ஒரே நேரத்துல ஆரம்பிச்சா எப்படிடா?" என்றார். இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. முந்தின வேலையில் கிடைப்பதுதான் அடுத்த வேலைக்கு மூலப்பொருள். அப்படிப்பட்ட வேலைகளைத் தொடங்கும் வரிசை மட்டும் போதாது. ஒன்று முடிந்த பிறகே அடுத்தது தொடங்கணும்.

இதற்கு முன்பு 'இன்டென்ட் சர்வீஸ்' என்று ஒன்றைப் பயன்படுத்தினார்கள். ரேஷன் கடை வரிசை மாதிரி, ஒரே த்ரெட்டில் ஒவ்வொரு வேலையாக வாங்கி முடிக்கும். 2017-ல் வந்த ஆண்ட்ராய்டு 8, பின்னணி சர்வீஸ்களுக்குக் கட்டுப்பாடு போட்டது. 2020-ல் ஆண்ட்ராய்டு 11 வந்தபோது, இன்டென்ட் சர்வீஸை இனிப் பயன்படுத்த வேண்டாம் என்றே அறிவித்துவிட்டார்கள். இப்போது நமக்கு உதவுவது 2019-ல் முழுமையாக வெளிவந்த 'ஒர்க் மேனேஜர்'. அதில் சங்கிலி போடுவது சுலபம்:

பிகின்வித் (சுருக்கு)
தென் (அனுப்பு)
தென் (அழி)
என்க்யூ

ஒவ்வொரு வேலையும் முடியும்போது மூன்றில் ஒரு பதில் சொல்லணும்.

வெற்றி: மாவு பொங்கிவிட்டது, அடுத்த வேலை தொடங்கும்.

மறுபடி முயல்: மாவு இன்னும் பொங்கவில்லை, காத்திரு. நாம் எதுவும் சொல்லாவிட்டால் 30 வினாடி, பிறகு 60, பிறகு 120 என்று இடைவெளி கூடிக்கொண்டே போகும். அதுவரை அடுத்த வேலை நகராது.

தோல்வி: மாவு கெட்டுவிட்டது. பின்னால் உள்ள எந்த வேலையும் நடக்காது.

இந்த வரிசையை ஒர்க் மேனேஜர் ஒரு தரவுத்தளத்தில் எழுதி வைக்கிறது. போனை அணைத்துப் போட்டாலும் மறக்காது. ஒரு வேலையிலிருந்து அடுத்ததற்குத் தகவலும் கொடுக்கலாம். ஆனால் 10 கிலோபைட்டுக்கு மேல் கூடாது. அதனால் படத்தைக் கொடுக்காமல், படம் இருக்கும் இடத்தின் முகவரியை மட்டும் கொடுக்கணும்.

இன்னொரு தப்பு

சங்கிலி போட்டதும் எல்லாம் சரியாயிடுச்சுன்னு நினைச்சேன். ஐயா ஆய்வகக் கணினியின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, "இப்ப ஓட்டிக் காட்டு" என்றார். ஓட்டினேன். சோதனைப் படம் போய்ச் சேரவே இல்லை, ஆனாலும் அழிந்துவிட்டது! காரணம், அனுப்பத் தொடங்கியதுமே என் நிரல் "வெற்றி" என்று சொல்லிவிட்டது. அந்தப் பக்கம் கிடைத்ததா என்று கேட்கவே இல்லை. இப்போது ஆய்வகக் கணினி "கிடைத்தது" என்று பதில் அனுப்பினால்தான் வெற்றி. இல்லாவிட்டால் மறுபடி முயல்.

நான் கற்றது இதுதான் நண்பர்களே. வரிசை பாதி, உண்மையான பதில் மீதி. திரும்பப் பெற முடியாத வேலை எதுவோ, அதைக் கடைசியில் வையுங்கள். அதற்கு முந்தின வேலையைப் பொய் சொல்ல விடாதீர்கள்.

தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லண்ணா, அடுத்த தடவை அழிக்கிற வேலையே வைக்காதீங்க" என்றான். அதுவும் நல்ல யோசனைதான்! பூவரசு யார் வீட்டுப் பழைய படத்திலாவது பின்னணியில் இருந்தால், தயவுசெய்து கொண்டு வாருங்கள். கணக்கெடுப்பில் அந்த ஓர் இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள்: 43 படங்களையும் சுருக்குவதை ஒரே வேலையாக வைத்து, அதில் ஒரு படம் கெட்டுப்போனதாக இருந்து "தோல்வி" என்று பதில் வந்தால், மற்ற 42 படங்களின் கதி என்ன? அதைத் தவிர்க்க என்ன செய்யலாம்? விடை அடுத்த இதழில்.

– மேல்நிலை இரண்டாம் ஆண்டு மாணவன், கணினி அறிவியல் பிரிவு