கூட்டத்தில் என் பங்கு



போன வாரம் வகுப்பில் ஒரு தம்பி கேட்டார்: "அண்ணே, பத்துப் பேரோட சேர்ந்து ஒரு தப்பு பண்ணா, அந்தப் பாவம் பத்தா பிரிஞ்சிடுமா?" எல்லாரும் சிரித்தோம். ஆனால் கேள்வி சாதாரணமானதல்ல. நம்ம தேக்காவில் நடந்த ஒரு சம்பவத்தை வைத்தே இதைப் பார்ப்போம்.

2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு. ரேஸ் கோர்ஸ் ரோடும் ஹேம்ப்ஷியர் ரோடும் சந்திக்கும் இடத்தில், தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த ஒருவர் தனியார் பேருந்தின் அடியில் சிக்கி இறந்தார். கொஞ்ச நேரத்தில் கலவரம் வெடித்தது. ஓர் ஆம்புலன்ஸ் உட்பட 5 வாகனங்கள் எரிந்தன. 1969-க்குப் பிறகு சிங்கப்பூர் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர் செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு 2014-ல் அறிக்கை தந்தது. மதுவும் ஒரு காரணம் என்றது. ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைத்தது, அது சொன்ன இன்னொரு காரணம்: தவறான புரிதல். "அடிபட்டவரை விட்டுட்டு, பஸ் ஆளுங்களைக் காப்பாத்துறாங்க" என்று கூட்டம் நினைத்தது. உண்மையில் அவர் உயிர் முன்பே போயிருந்தது. மீட்புப் படையினர் கல்லடிக்கு நடுவில்தான் உடலை வெளியே எடுத்தார்கள்.

அந்தத் துக்கம் பொய்யில்லை. நம்ம ஊர்க்காரர் ஒருவர் கண்முன்னே செத்துக் கிடந்தால் யாருக்குத்தான் பதறாது? ஆனால் பதறிய மனசு, காதில் விழுந்ததை விசாரிக்காமல் நம்பியது.

நான் மட்டும் என்ன? அப்போது பாலிடெக்னிக் மாணவன். வீட்டில்தான் இருந்தேன். "இன்னும் ரெண்டு பேர் செத்துட்டாங்க" என்று வாட்ஸ்ஆப்பில் வந்ததை மூன்று குழுக்களுக்கு அனுப்பினேன். மறுநாள் அது பொய் என்று தெரிந்தது. 'நான் கல்லெறியலையே' என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். தவறு என்று யாரிடமும் திருத்திச் சொல்லவில்லை. இன்றும் அது உறுத்துகிறது.

மகாபாரதச் சூதாட்டச் சபையை நினைத்துப் பாருங்கள். திரௌபதி நியாயம் கேட்டபோது, விதுரரைத் தவிரப் பெரியவர்கள் வாய் திறக்கத் தயங்கினார்கள். எழுந்து "இது தர்மமில்லை" என்றவன் துரியோதனனின் சொந்தத் தம்பி விகர்ணன். கர்ணன் அவனை அடக்கிவிட்டான். அவன் பேச்சு எடுபடவில்லை. ஆனாலும் அந்த மௌனத்தில் அவனுக்குப் பங்கில்லை. ரேஸ் கோர்ஸ் ரோட்டிலும் அப்படிச் சிலர் இருந்தார்கள். சக தொழிலாளர்களை "வேணாம்" என்று தடுக்கப் பார்த்தார்கள்.

மனம், வாக்கு, காயம் மூன்றாலும் வினை வரும் என்பது நம் பெரியோர் சொன்னது. கை ஓங்குவதற்கு முன்பே, எதை நம்புகிறோம், எதைப் பரப்புகிறோம் என்பதிலேயே நம் பொறுப்பு தொடங்கிவிடுகிறது. கலவரத்துக்காக 25 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. தண்டனையை யாரும் 25-ஆல் வகுக்கவில்லை. அவரவர் செய்ததற்கு அவரவருக்குக் கிடைத்தது. தம்பி, பாவமும் பிரியாதுப்பா.

வீட்டில் யோசித்து வாருங்கள்:

1. சரிபார்க்காமல் நான் கடைசியாக அனுப்பிய செய்தி எது?
2. அது தவறு என்று தெரிந்தால், அதே குழுவில் ஒப்புக்கொள்வேனா?
3. நண்பர்கள் எல்லாரும் ஒருவரைக் கேலி செய்யும்போது நான் விகர்ணனா, மௌனமாக இருந்தவர்களில் ஒருவனா?

அடுத்த வகுப்பில் பேசுவோம். முதல் கேள்விக்கு என் பதிலை மேலேயே சொல்லிவிட்டேன்.