நாக்கு வீங்கினால் தாமதிக்க வேண்டாம்

காலையில் எழும்பும்போது ஒருவருக்கு உதடு தடித்திருக்கிறது. மதியத்துக்குள் நாக்கும் வீங்குகிறது. கடியும் இல்லை, தோலில் தடிப்பும் இல்லை. குளவி கொட்டியிருக்கும், இரவு சாப்பிட்ட நண்டு ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டார் சொல்வார்கள். பிரிற்றன் ஒன்றைக் கொடுத்துப் படுக்க வைப்பார்கள். ஆபத்து இங்கேதான்.

அவர் குடிக்கும் பிறஷர் குளிசையின் பெயரைப் பார்ப்போம். எனலாபிறில், கப்டோபிறில், லிசினோபிறில் என்று 'பிறில்' என முடிந்தால் அதுவே காரணமாயிருக்கலாம். நம் உடலில் பிராடிகைனின் என்றொரு பொருள் சுரந்து, உடனுக்குடன் உடைந்துபோகும். இக்குளிசைகள் அதை உடையவிடாமல் தடுக்கின்றன. சிலரில் அது தேங்கி, இரத்தக் குழாய்களிலிருந்து நீரைக் கசியச் செய்கிறது. ஆயிரத்தில் ஒரு சிலருக்கே இப்படி நேரும். ஆனால் ஐந்து வருடம் சுகமாகக் குடித்தவருக்கும் ஆறாம் வருடத்தில் வரலாம். "இவ்வளவு நாளும் ஒன்றும் செய்யாத குளிசைதானே" என்று ஏமாந்துவிடக் கூடாது.

பிரிற்றன் ஒவ்வாமைக்குரிய மருந்து. இந்த வீக்கத்தின் வழி வேறு; அதனால் அது கேட்பதில்லை. ஆஸ்பத்திரியில் போடும் ஒவ்வாமை ஊசிகளும் பெரும்பாலும் போதிய பலன் தருவதில்லை. மூச்சுப்பாதையைக் காப்பதே வைத்தியர்களின் முதல் வேலை. தேவைப்பட்டால் குழாய் செலுத்துவார்கள். அதுவும் முடியாவிட்டால் கழுத்தில் துளையிடுவார்கள். தொண்டை அடைத்த பின் கொண்டுபோனால் இவை மிகக் கடினம்.

ஆகவே குரல் மாறும்வரை, எச்சில் வடியும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். நோயாளியை நிமிர்த்தி இருத்துங்கள். தண்ணீர், கசாயம், குளிசை எதுவும் வாயில் கொடுக்க வேண்டாம். சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள், கட்டணம் இல்லை. இலக்கம் 1990. வலிகாமம் வடக்கை விட்டு வெளிக்கிட்ட அந்த ஆண்டை நம்மில் யார் மறப்பார்? குளிசைப் பையையும் கிளினிக் கொப்பியையும் கூடவே கொண்டுபோங்கள்.

வேறு பிறஷர் குளிசைகளால் கால் வீங்குவதும் உண்டு. அது இவ்வளவு அவசரமல்ல, அடுத்த கிளினிக்கில் சொல்லலாம். இதை வாசித்துப் பயந்து குளிசையை நிறுத்திவிடவும் வேண்டாம். பாரிசவாதம் அதைவிடக் கொடியது. நாக்கோ உதடோ வீங்கியவர் மட்டும் அடுத்த வேளைக் குளிசையைத் தொடக்கூடாது. மாற்று மருந்தை வைத்தியர் தருவார்.

முகாம், உறவினர் வீடு, திரும்பக் கிடைத்த காணி என்று இடம் மாறியவர்களுக்குக் கிளினிக்கும் மாறும், கொப்பியும் தொலையும். புதிய வைத்தியர் அறியாமல் அதே வகை மருந்தை மறுபடி எழுதக்கூடும். ஒருமுறை வீங்கியவரின் கொப்பியில் 'பிறில் வகை கூடாது' என்று வைத்தியரைக் கொண்டு சிவப்பு மையில் எழுதுவித்து, அந்தப் பக்கத்தின் பிரதியொன்றை அடையாள அட்டையோடு வையுங்கள்.