கட்டியைப் பட்டினி போட முடியுமா?

கேள்வி: மூளைப் புற்றுக்கட்டியில் புதிய இரத்தக்குழாய்கள் முளைக்காமல் தடுத்தால் நோய் குணமாகுமா?

பதில்: முழுமையாகக் குணமாகாது. சில மில்லிமீட்டருக்கு மேல் பெருகக் கட்டிக்குப் புதிய இரத்தக்குழாய்கள் தேவை என்றும், அவற்றைத் தடுத்தால் அதைப் பட்டினி போடலாம் என்றும் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் 1971இல் முன்வைத்த கருத்தே இச்சிகிச்சையின் வேர். மூளைப் புற்றுகளில் மிகக் கொடியதான கிளையோபிளாஸ்டோமா, குழாய்களை முளைக்கத் தூண்டும் விஇஜிஎஃப் என்னும் புரதத்தை மிகுதியாகச் சுரக்கிறது. அப்புரதத்தைப் பற்றிச் செயலிழக்கச் செய்யும் பெவாசிசுமாப் என்ற எதிர்ப்பொருள் மருந்து, சிகிச்சைக்குப் பின் மீண்டும் தலைதூக்கிய இந்நோய்க்காக அமெரிக்காவில் 2009இல் ஒப்புதல் பெற்றது. ஒழுங்கின்றி முளைத்த குழாய்கள் நீரைக் கசியவிடுவதால்தான் கட்டியைச் சுற்றி மூளை வீங்குகிறது. மருந்து அக்கசிவை நிறுத்துவதால் வீக்கம் வற்றி, ஸ்டீராய்டு மாத்திரையின் அளவையும் பலருக்குக் குறைக்க முடிகிறது, நோயாளிக்கு இது சிறிய ஆறுதலன்று. ஆனால் ஸ்கேனில் கட்டியின் ஒளிர்வு மங்குவதும் பெரும்பாலும் கசிவு நின்றதன் விளைவே என்பதால், கட்டி அழிந்துவிட்டதாகக் கொள்வது தவறு. புதிதாக நோய் கண்டோரிடம் நடத்தப்பட்டு 2014இல் வெளியான இரு பெரிய ஆய்வுகளில், நோய் முற்றுவது சில மாதங்கள் தள்ளிப்போனதே தவிர ஆயுள் நீளவில்லை. புற்றணுக்கள் மூளையில் ஏற்கெனவே உள்ள குழாய்களை ஒட்டியும் ஊடுருவுவது இதற்கு ஒரு காரணம். புண் ஆறுவதையும் இம்மருந்து தாமதப்படுத்துவதால், பெரிய அறுவை சிகிச்சைக்குப் பின் குறைந்தது 28 நாள்கள் கடந்து, காயம் நன்கு ஆறிய பிறகே இதைச் செலுத்த வேண்டும்.