கதிரடிக்கும் இயந்திரத்தில் கை போனால் என்ன இழப்பீடு?

சம்பா அறுவடைக்குப் பின் தரிசில் விதைத்த உளுந்தும் பச்சைப்பயறும் பங்குனி, சித்திரையில் களத்துக்கு வருகின்றன. நெல்லுக்குப் பெரிய அறுவடை இயந்திரம் வந்துவிட்டாலும், பிடுங்கிய பயறுச் செடியை அடிக்க டிராக்டரில் ஓடும் கதிரடிக்கும் இயந்திரத்தை உழவர் பலர் வாடகைக்கு அமர்த்துகிறார்கள். செடியைக் கையால் தள்ளும்போது கொடி மணிக்கட்டில் சுற்றினால் போதும், சுழலும் உருளை கையை உள்ளே இழுத்துவிடும்.

நாகூரை அடுத்த ஒரு சிற்றூரில் வயல்விழா முடிந்து புறப்படும் நேரத்தில் ஓர் உழவர் என்னைத் தனியே அழைத்தார். "சார், நம்ம களத்துல ஒரு ஆளுக்கு நாலு விரல் போயிடுச்சு. பெரியவங்களை வச்சுப் பேசி நாப்பதாயிரம் கொடுத்து, முத்திரைத்தாள்ல கையெழுத்து வாங்கிட்டோம். இனிமே ஒண்ணும் வராதுல்ல?" என்று கேட்டார். நான் பயிரியல் படித்தவன். அன்று எனக்கு விடை தெரியவில்லை. பிறகு சட்டத்தைப் படித்துப் பார்த்தேன். வரும் என்பதே விடை.

1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் 2010 முதல் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் என்று பெயர் மாறியது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துள்ளது. கைக்காயத்துக்கான அட்டவணையும் கணக்கிடும் முறையும் பழைய சட்டத்திலிருந்து வந்தவையே. டிராக்டர் அல்லது விசையால் இயங்கும் பிற கருவியைக் கொண்டு நடக்கும் பண்ணை வேலையில் அமர்த்தப்பட்டவர் இந்தச் சட்டத்துக்கு உட்பட்டவர். நாலு நாள் வேலைக்கு வந்தவர்தானே என்று ஒதுக்கிவிடவும் முடியாது. அரிவாளால் அறுக்கும்போது விரல் வெட்டுப்பட்டால் அது இதில் அடங்காது. அதற்கு உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் உறுப்பினராகப் பதிந்திருந்தால், அதன் விபத்து உதவியைக் கேட்கலாம்.

ஒவ்வொரு உறுப்புக்கும் உழைப்புத் திறன் எவ்வளவு குறைகிறது என்று அட்டவணை சொல்கிறது. ஒரு கை முழுதும் போனால் 60 சதவீதம். நான்கு விரல்கள் போனால் 50, கட்டைவிரல் மட்டும் போனால் 30. ஆட்காட்டி விரல் முழுதும் என்றால் 14, அதன் நுனிக் கணு மட்டும் என்றால் 9. மோதிர விரலோ சுண்டு விரலோ முழுதும் போனால் 7. வலக்கை, இடக்கை என்ற வேறுபாடு கிடையாது. விரல் துண்டாகாமல் இருந்தும் நிரந்தரமாக முற்றிலும் பயனற்றுப்போனால், அதுவும் விரல் போனதாகவே கொள்ளப்படும்.

இனிக் கணக்குக்கு வருவோம். மாதக் கூலியில் 60 சதவீதத்தை வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். வந்த தொகையில் மேற்சொன்ன சதவீதத்தை எடுத்தால் அதுவே இழப்பீடு. விரல் இழந்தவருக்கு வயது 40, மாதக் கூலி 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 60 சதவீதம் 6,000 ரூபாய். 40 வயதுக்குரிய காரணி 184.17. பெருக்கினால் 11,05,020 ரூபாய். நான்கு விரல்களுக்கு அதில் பாதி, அதாவது 5,52,510 ரூபாய். மருத்துவச் செலவு இதற்கு மேல் தனி.

அந்த உழவர் கொடுத்தது நாற்பதாயிரம்! கையெழுத்து அவரைக் காப்பாற்றுமா? தொழிலாளி தம் உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதும் எந்த ஒப்பந்தமும் செல்லாது. தொகையைப் பேசி முடிப்பதில் தவறில்லை. ஆனால் அந்த உடன்படிக்கையை இழப்பீட்டு அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். தொகை போதாது என்று கண்டால் அவர் பதிய மறுக்கலாம். பதியாமல் விட்டால் முழு இழப்பீட்டையும் கொடுக்கும் பொறுப்பு அப்படியே நிற்கும். முன்பு கொடுத்ததில் பாதிக்கு மேல், அதிகாரி அனுமதித்தாலன்றி, கழித்துக்கொள்ளவும் முடியாது. மேற்கண்ட கணக்கில் நாற்பதாயிரத்தில் இருபதாயிரம்தான் கழியும். காயம்பட்டவர் பெண்ணாக இருந்தால் மொத்தத் தொகையை அவர் கையில் கொடுப்பதையே 1923-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கவில்லை. அதிகாரியிடம் செலுத்தி அவர் வழியாகவே கொடுக்க வேண்டும் என்றது. ஒரு மாதத்துக்கு மேல் தாமதமானால் 12 சதவீத வட்டியும், தகுந்த காரணம் இல்லையெனில் 50 சதவீதம் வரை அபராதமும் சேரும்.

அட்டவணை முடிந்த முடிவும் அன்று. 1968-இல் ஒரிசாவில் சினிமாக் கொட்டகை ஒன்றில் வேலை செய்த தச்சர் விழுந்ததில், அவருடைய இடக்கை முழங்கைக்கு மேலே துண்டிக்கப்பட்டது. ஒரு கையால் தச்சு வேலை செய்ய இயலாது, ஆகவே இது முழு ஊனமே என்று 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. நடவும் களையெடுப்பும் தவிர வேறு பிழைப்பு அறியாத கூலியாளும் தம் வேலையை வைத்து அவ்வாறு வாதாட இத்தீர்ப்பு இடம் தருகிறது.

இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் ஐந்தரை லட்சத்துக்கு எங்கே போவார் என்று நீங்கள் கேட்பது நியாயமே. யார் ஆளை அமர்த்திக் கூலி கொடுத்தார் என்பதே முதல் கேள்வி. இயந்திரக்காரர் தம் ஆளோடு வந்திருந்தால் பொறுப்பு அவருடையது. ஆனாலும் களத்துக்குரிய உழவரிடம் கேட்கவும் சட்டத்தில் இடமுண்டு. கொடுத்தவர் பிறகு இயந்திரக்காரரிடம் திரும்பப் பெறலாம். ஆகவே வாடகை பேசும்போதே, செடி தள்ளும் ஆளுக்குக் காப்பீடு உண்டா என்று கேட்டு, ரசீதைப் பார்த்துவிடுங்கள். டிராக்டரின் காப்பீடு ஓட்டுநரோடு நின்றுவிடக்கூடும். இயந்திரத்தின் ஊட்டும் வாயையும் பாருங்கள். அது 90 செ.மீ. நீளம் இருந்து, உருளையை ஒட்டிய 45 செ.மீ. மூடியிருந்தால் கை உருளையை எட்டாது. இதற்காகவே 1983-இல் நாடாளுமன்றம் ஆபத்தான இயந்திரங்கள் சட்டத்தை இயற்றியது.

விபத்து நடந்துவிட்டால் துண்டான விரலைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இட்டுக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டி நீரில் வைத்துக் காயம்பட்டவரோடு அனுப்புங்கள். விரல் பனிக்கட்டியை நேரே தொடக் கூடாது. மருத்துவமனைச் சீட்டு, ஊனச் சான்றிதழ், வயதுச் சான்று, கூலி கொடுத்த கணக்கு ஆகியவற்றை எடுத்துவையுங்கள். தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுக் கொடுக்க விபத்து நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. அந்த உழவருக்கும் இதை எழுதி அனுப்பியிருக்கிறேன்.