ஹென்றியேட்டா தெரு

"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்பது நம் முன்னோர் வாக்கு. ஒரு குடும்பத்திற்கென்று கட்டிய மாளிகையில் நூறு பேர் குடியிருக்க நேர்ந்தால் எப்படியிருக்கும்? அதை அறிய அயர்லாந்தின் தலைநகரான டப்ளினுக்குச் செல்வோம்.

தெருவின் தோற்றம்

1714 முதல் 1830 வரை, ஜார்ஜ் என்னும் பெயருடைய மன்னர் நால்வர் அடுத்தடுத்து ஆண்டனர். அயர்லாந்தும் அவர்கள் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அக்காலக் கட்டடக் கலையை ஜார்ஜியன் பாணி என்பர். லூக் கார்டினர் என்னும் செல்வர் 1720களில் ஹென்றியேட்டா தெருவை அமைக்கத் தொடங்கினார். இங்குள்ள வீடுகள் பக்கச்சுவரோடு பக்கச்சுவர் ஒட்டி வரிசையாக நிற்பவை. வெளியே எளிய செங்கற்சுவர். உள்ளேயோ உயர்ந்த கூடங்களும் அழகிய சுதை வேலைப்பாடுகளும்! பிரபுக்களும் பாராளுமன்ற உறுப்பினர்களும் இங்கே வாழ்ந்தனர்.

தெருவின் தாழ்வு

1800இல் இயற்றப்பட்ட இணைப்புச் சட்டத்தால் டப்ளின் பாராளுமன்றம் மறைந்தது. அதிகாரம் லண்டனுக்குச் செல்லவே, பிரபுக்களும் மெல்ல மெல்ல நகரை விட்டகன்றனர். 1845இல் தொடங்கிய பெரும் பஞ்சத்திற்குப்பின் கிராமத்து ஏழைகள் நகரில் வந்து குவிந்தனர். மாளிகைகள் வாடகைக் குடியிருப்புகளாயின. 1877இல் 14ஆம் எண் வீடு 19 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. பெரிய மாடிப்படியும் பெயர்த்தெடுக்கப்பட்டது. அந்த இடத்தையும் வாடகைக்கு விடலாம் அல்லவா? 1911ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அவ்வொரு வீட்டில் 100 பேர் வாழ்ந்தனர். தண்ணீரும் கழிப்பிடமும் எல்லாருக்கும் பொது. காசநோய் எளிதில் பரவியது. அதே நகரின் சர்ச் தெருவில், 1913 செப்டம்பர் 2 அன்று, இத்தகைய பழைய வீடுகள் இரண்டு இடிந்து விழுந்து எழுவர் மாண்டனர். அதன்பின்னரே அரசு விசாரணைக்குழு அமைத்தது.

இத்தெருவின் இன்னொரு பக்கத்தையும் காண்போம். கார்டினர் தாம் வாழ்ந்த 10ஆம் எண் மாளிகைக்குப் பிற்காலத்தில் புனித வின்சென்ட் தெ பவுல் அன்புப் பணிச் சகோதரிகள் வந்தனர். பிரபுக்கள் விட்டுச் சென்ற தெருவில், ஏழைகளுக்குத் தொண்டு செய்யும் இல்லம் எழுந்தது.

சுவர் சொல்லும் பாடம்

1970களின் இறுதிவரை 14ஆம் எண் வீட்டில் மக்கள் குடியிருந்தனர். பின்னர் டப்ளின் மாநகராட்சி அதைப் பழுதுபார்த்து, 2018இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. புதுப்பித்தோர் நினைத்திருந்தால், ஏழைகளின் சுவடுகளை எல்லாம் துடைத்துவிட்டுப் பிரபுவின் மாளிகையாக மட்டும் காட்டியிருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. குடியிருந்தோர் பூசிய செங்காவி நிறமும், வெள்ளைத் துணிக்கு இடும் நீலம் போன்ற நீலநிறமும் நடைச்சுவரில் அப்படியே விடப்பட்டுள்ளன.

மாணவியரே! மாளிகையைக் கட்டியவர் பெயர் ஏட்டில் இருக்கும். அதன் ஒற்றை அறையில் பிள்ளைகளைப் பெற்று வளர்த்த தாய்மாரின் வாழ்வோ சுவரின் வண்ணத்தில்தான் இருக்கிறது. அதுவும் வரலாறே. பழைய வீடொன்றைக் காணும்போது, "இதைக் கட்டியவர் யார்?" என்பதோடு நில்லாமல், "இங்கு வாழ்ந்தவர் யார் யார்?" என்றும் கேட்கப் பழகுவோமாக.