வெள்ளைப்படுதல்

தோழியரே, தாயிடமும் தயங்கிச் சொல்லும் நோய் ஒன்று நம்மிடையே உண்டு. 'வெள்ளைப்படுகிறது' என்போம், 'உடம்புச் சூடு, மோர் குடி' என்பார்கள். அந்தமானிற் குடியேறிய எங்கள் தமிழ்க் குடும்பங்களிலும் பேச்சு அத்துடன் முடிந்துவிடும். மன்ற இதழில் இப்பொருள் எதற்கு என்று முகஞ்சுளிப்பாரும் இருப்பர், இருந்துவிட்டுப் போகட்டும்.

வெள்ளை யாவும் நோயன்று. மாதவிடாய்ச் சுற்றின் நடுவே முட்டை வெண்கருபோல் தெளிவாகக் கசிவது இயற்கை. பெண்ணுறுப்பினுள் வாழும் லாக்டோபாசில்லஸ் என்னும் பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலத்தை உண்டாக்கி அவ்விடத்தைக் காக்கின்றன. காண்டிடா என்னும் ஈஸ்டும் அங்கே அடங்கிக் கிடப்பதுண்டு. ஆன்டிபயாட்டிக் மாத்திரையாலோ, அடங்காத நீரிழிவாலோ, கருப்பத்தாலோ நிலை மாறினால் அது பெருகும். தயிர்த் திப்பிபோன்ற வெள்ளையும் கடும் அரிப்பும் எரிச்சலும் அதன் குறிகள். நாற்றம் பெரும்பாலும் இராது. சாம்பல் நிறமாக நீர்த்து மீன்கவிச்சை வீசினால், பாக்டீரியாக்களின் சமநிலை கெட்டிருக்கலாம். மஞ்சளும் பச்சையுமாக நுரைத்தால் டிரைக்கோமோனாஸ் என்னும் ஓரணு உயிரியாக இருக்கலாம். அஃது உடலுறவாற் பரவுவதாதலின் கணவரும் மருந்துண்ண வேண்டும். காளான் மாத்திரை இவ்விரண்டையும் தீர்க்காது. கடையில் அதையே திரும்பத் திரும்ப வாங்கி விழுங்கி, தீரவில்லையே என்று வருந்துவோர் உண்டு.

ஈஸ்ட்தான் என்று தெரிந்தாலும் வேலை முடிவதில்லை. காண்டிடாவில் இனங்கள் பல. பெரும்பாலும் தொல்லை தரும் அல்பிகன்ஸ், ஃபுளுகோனசோல் மருந்துக்குப் பொதுவாக அடங்கும்; கிளாப்ரேட்டா எளிதில் அடங்காது. ஓரினத்துக்குள்ளும் வேறுபாடு உண்டென்பதற்கு எங்கள் தீவே சான்று. பல மருந்துகளுக்கு அடங்காததென மருத்துவமனைகள் அஞ்சும் காண்டிடா ஆரிஸை, தில்லிப் பல்கலைக்கழகத்து அனுராதா சௌத்ரி குழுவினர் அந்தமான் கடற்கரை மணலிலும் உவர்ச்சதுப்பிலும் கண்டெடுத்து 2021-ல் வெளியிட்டனர். சதுப்பிற் கிடைத்தவற்றுள் ஒன்று மருந்துக்கு அடங்கியது; வெப்பம் மிகுந்தபோது மெல்லவே வளர்ந்தது. (இதைப் படித்துக் கடலாடுவதை விட்டுவிட வேண்டா, வெள்ளைப்படுதலுக்கு ஆரிஸ் காரணமாவது மிக அரிது.)

ஆதலால் ஓராண்டில் மூன்று முறையோ அதற்கு மேலோ வருமாயின் பரிசோதனை வேண்டும். கசிவில் ஒரு துளி பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு நுண்ணோக்கியிற் பார்த்தால், உடலணுக்கள் கரைந்து அல்பிகன்ஸின் இழைகள் தெளிவாகத் தெரியும். கிளாப்ரேட்டா அங்ஙனம் இழை விடுவதில்லை. எளிதில் கண்ணுக்குத் தப்பும். அதனை வளர்ப்பு ஊடகத்தில் வளர்த்தே அறிய வேண்டும். இரத்தத்திற் சர்க்கரையையும் பார்ப்பது நன்று. மீண்டும் மீண்டும் வரும் அல்பிகன்ஸுக்கு, முதலில் நோயை அடக்கிப் பின் வாரம் ஒருமுறையாக ஆறு மாதம் ஃபுளுகோனசோல் கொடுப்பதுண்டு. கருவுற்றிருந்தால் அது கூடாது, மேற்பூச்சு மருந்தே தருவர். சோப்பும் டெட்டாலும் கொண்டு உட்புறம் கழுவுவது காவலிருக்கும் பாக்டீரியாவைக் கெடுக்கும். அடிவயிற்று வலியோ காய்ச்சலோ, காலமல்லாக் காலத்தில் இரத்தமோ கண்டால் தாமதியாது மருத்துவரை அடைக. அவரிடம் 'வெள்ளை' என்று மட்டும் சொல்லாமல், நிறம், நாற்றம், எத்தனை நாள், முன் உண்ட மாத்திரை இவற்றை ஒரு தாளிற் குறித்துக்கொண்டு போங்கள். வாய் கூசினால் தாளை நீட்டினாற் போதும்.