சரளைப் பாதையில் ஒரு பாடம்
(ஜுன்னர் வட்டாரத்துக்குச் சைக்கிளில் செல்ல விரும்பும் குடும்பங்களுக்கு)

புனேயில் இருபது, முப்பது ஆண்டுகளாக வாழும் நம் குடும்பங்களுக்கு இந்த மாநிலத்தில் எத்தனை பாதைகள் தெரியும்? மும்பை விரைவுச் சாலை தெரியும். அஷ்ட விநாயகர் கோயில்களுக்கு வேனில் போய் வந்திருப்போம். ஊருக்குப் போகும் ரயில் தவுண்டைத் தாண்டியதும் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துவிடுகிறோம். ஜன்னலுக்கு வெளியே என்ன மண், என்ன பயிர் என்று நாம் கேட்டதில்லை.

என் மகள் பள்ளியில் 'எங்கள் ஊர்' என்று கட்டுரை எழுத வேண்டியிருந்தது. "அப்பா, திருநெல்வேலியைப் பற்றி எழுதவா, புனேயைப் பற்றி எழுதவா?" என்றாள். "எது நன்றாகத் தெரியுமோ அதை எழுதேன்" என்றேன். "ரெண்டுமே தெரியாதேப்பா!" என்றாள். அந்தப் பதில்தான் எங்கள் இருவரையும் சைக்கிளில் ஏற்றியது.

சரளைப் பாதைச் சைக்கிள் என்றால் என்ன?

தார் போடாத மண்பாதை, சரளைப் பாதைகளில் நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுவதை 'கிராவல் பைக்கிங்' என்கிறார்கள். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் 2006 முதல் இதற்கென ஒரு பெரிய போட்டி நடந்து வருகிறது. இத்தாலியின் டஸ்கனியில், திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த கியாந்தி மலைப்பகுதியில், 1997இல் 'லெரோயிகா' என்ற சைக்கிள் விழாவைத் தொடங்கினார்கள். அங்குள்ள வெண்சரளைப் பாதைகளைத் தார் மூடிவிடாமல் காப்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. குன்றும் காடும் திராட்சையும் சரளையும் சேர்ந்த அத்தகைய நாட்டுப்புறம் புனேயிலிருந்து 75 கிலோமீட்டரில், நாசிக் சாலையில் உள்ள நாராயண்காவிலேயே தொடங்குகிறது.

இதற்கு விலையுயர்ந்த சைக்கிள் வேண்டுமா? வேண்டியதில்லை. நம் தாத்தாக்கள் ஓட்டிய சைக்கிளின் டயரில் 28 x 1½ என்று அச்சிட்டிருக்கும். ஒன்றரை அங்குலம் என்றால் ஏறத்தாழ 38 மில்லிமீட்டர். இன்றைய சரளைச் சைக்கிளின் டயரும் பெரும்பாலும் 38 முதல் 45 மில்லிமீட்டர்தான்! சென்னை அம்பத்தூரில் உருவான ஹெர்குலிஸ் சைக்கிளில் பால் கேனைக் கட்டிக்கொண்டு வரப்போரம் போனவர்கள், பெயர் தெரியாமலே இந்தக் கலையைச் செய்து வந்தார்கள்.

வேறுபாடு கியரில்தான் இருக்கிறது. தாத்தா சைக்கிளில் பெடலை ஒரு முறை சுற்றினால் பின்சக்கரம் சுமார் இரண்டரை முறை சுற்றும். மேட்டில் இறங்கித் தள்ள வேண்டியதுதான். மலைக்கேற்ற கியரில் ஒன்றுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். மூச்சு வாங்கும், ஆனால் இறங்க வேண்டியதில்லை. டயரில் காற்றும் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். அகலமான டயருக்கு, ஓட்டுபவரின் எடையைப் பொறுத்து, சதுர அங்குலத்துக்கு 35 முதல் 45 பவுண்டு பெரும்பாலும் போதும். கல்லென்று காற்றடித்தால் சரளையில் சக்கரம் துள்ளிப் பிடிப்பு நழுவும்.

மண்ணைப் படிப்போம்

சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு படலம் படலமாகப் பரவி உறைந்ததே இந்தத் தக்காணப் பீடபூமி. அந்தக் கரும்பாறை பாதி உதிர்ந்த நிலையில் கிடைக்கும் சரளையை மராட்டியர் 'முரூம்' என்பார்கள். முழுதும் உதிர்ந்து பள்ளத்தில் படிந்தால் அது கரிசல். ஒரே பாறையின் பிள்ளைகள்தாம், ஆனால் குணம் வேறு. முரூமில் மழைநீர் வடிந்துவிடும். கரிசல் நனைந்தால், நம் கோவில்பட்டிக்காரர்களுக்குத் தெரியும், சக்கரத்தோடு ஒட்டி மட்கார்டில் அடைத்துக்கொள்ளும். ஆகவே ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தப் பாதைகளைத் தவிர்க்கவும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். ஜனவரிக்குப் பின் போனால் பழுத்த திராட்சையையும் பார்க்கலாம்.

இரண்டு நாள் வழி

நாசிக் நெடுஞ்சாலையில் லாரிகள் மிகுதி. ஆகவே நாராயண்காவ் வரை சைக்கிள்களை வண்டியில் ஏற்றிச் செல்வதே நல்லது.

முதல் நாள் கிழக்கே கோடத் பக்கம் போகலாம். தோட்டங்களுக்கு இடையே செல்லும் சமதளப் பாதை, சிறுவர்க்கும் ஏற்றது. திடீரென்று வானத்தைப் பார்த்தபடி மாபெரும் கிண்ணங்கள் தெரியும். ஜி.எம்.ஆர்.டி. என்னும் வானொலித் தொலைநோக்கி அது. மொத்தம் 30 கிண்ணங்கள், ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டம். இதை உருவாக்கிய கோவிந்த் ஸ்வரூப்தான் 1970இல் நம் ஊட்டி வானொலித் தொலைநோக்கியையும் அமைத்தவர். உள்ளே செல்ல முன் அனுமதி வேண்டும்.

இரண்டாம் நாள் மேற்கே போகலாம். 15 கிலோமீட்டரில் ஜுன்னர். அருகிலேயே சிவாஜி பிறந்த சிவ்னேரிக் கோட்டையும், அஷ்ட விநாயகர் தலமான லேண்யாத்ரியும் உள்ளன. அங்கிருந்து சாவண்ட் கோட்டையடி வழியாக காட்கர், நாணேகாட் வரை ஏறத்தாழ 30 கிலோமீட்டர். பெருவழி தார்ச்சாலைதான், சரளை கிளைப் பாதைகளில் இருக்கிறது. மேற்கே போகப் போகத் தோட்டம் குறைந்து காடு கூடும்.

நாணேகாட்டில் பாதை முடிந்து மலை செங்குத்தாகக் கொங்கணத்தில் இறங்குகிறது. கல்யாண், சோபாரா துறைமுகங்களுக்கு இதன் வழியாகவே வணிகர்கள் சென்றார்கள். சுங்கம் வாங்கியதாகச் சொல்லப்படும் கல்தொட்டி இன்றும் இருக்கிறது. குகைச் சுவரில் சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முந்திய சாதவாகனர் கல்வெட்டைக் காணலாம். சிலப்பதிகாரம் கூறும் 'நூற்றுவர் கன்னர்' இந்தச் சாதகர்ணி மன்னர்களே என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். அவர்கள் வெளியிட்ட வெள்ளிக் காசுகள் சிலவற்றில் ஒரு பக்கம் பிராகிருதமும் மறுபக்கம் தமிழை ஒத்த மொழியும் பொறிக்கப்பட்டுள்ளன. நாம் இங்கே முற்றிலும் புதியவர்கள் அல்லர்!

தோட்டத்தில் நடந்தது

முதல் நாள் வழி தவறி ஒரு திராட்சைத் தோட்டத்துக்குள் போய்விட்டோம். குலைகள் கைக்கெட்டும் தூரத்தில் தொங்கின. மகள் கை நீட்டியதும், "தொடாதே, மருந்து அடித்திருக்கிறது!" என்று மராத்தியில் ஒரு குரல். தோட்டக்காரர் ஓடி வந்தார். கோபித்துக்கொள்வாரோ என்று பயந்தோம். அவரோ கொட்டகையிலிருந்து, விற்பனைக்கு வைத்திருந்த பழத்தைக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தார்.

அவரிடம் கற்றது நிறைய. இங்கே கொடியை ஆண்டுக்கு இரு முறை வெட்டுகிறார்கள்: ஏப்ரலில் கிளை வளர, அக்டோபரில் பழம் பிடிக்க. ஆனால் அறுவடை ஒன்றுதான். நம் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர்த் திராட்சை ஆண்டு முழுவதும் கிடைக்கிறது என்றதும் அவருக்கு வியப்பு. பூக்கும் நேரத்தில் பருவம் தவறி ஒரு மழை பெய்தால் ஓராண்டு உழைப்பும் போய்விடும் என்றார்.

எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். "நான் ராமேஸ்வரம், கன்னியாகுமரி எல்லாம் பார்த்தவன். உங்கள் ஊருக்கு நான் வந்துவிட்டேன். எங்கள் ஊருக்கு நீங்கள் இப்போதுதான் வருகிறீர்கள்" என்று சிரித்தார். எனக்குப் பதில் வரவில்லை. புனேயில் நான் குடியேறி இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன.

கவனிக்க வேண்டியவை

1. ஜுன்னர் வட்டாரக் கரும்புத் தோட்டங்களில் சிறுத்தைகள் வாழ்கின்றன, குட்டியும் ஈனுகின்றன. மாணிக்தோவில் அவற்றுக்கென மீட்பு மையமே உண்டு. விடிந்தபின் புறப்பட்டு, மாலை ஐந்து மணிக்குள் தங்குமிடம் சேர்ந்துவிடுங்கள். சிறுவர்களை முன்னாலோ பின்னாலோ தனியே விடாதீர்கள்.

2. தோட்டப் பாதை ஒருவருடைய நிலம். கேட்டுவிட்டுச் செல்லுங்கள். "காகா, ஹா ரஸ்தா குடே ஜாதோ?" (மாமா, இந்தப் பாதை எங்கே போகிறது?) என்ற ஒரு வரி மராத்தி பல கதவுகளைத் திறக்கும்.

3. வனத்துறைப் பாதைகளில் அனுமதியின்றி நுழைய வேண்டாம்.

4. தலைக்கவசம், ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், மாற்று டியூப், பஞ்சர் ஒட்டும் சாமான், கைப்பம்ப் ஆகியவை கட்டாயம்.

5. சரளை இறக்கத்தில் முன் பிரேக்கை மட்டும் இறுக்கிப் பிடிக்காதீர்கள். இரண்டையும் மெல்ல, விட்டு விட்டுப் பிடியுங்கள்.

மகளின் கட்டுரைக்கு வருவோம். 'எங்கள் ஊர்' என்ற தலைப்பில் அவள் முரூமைப் பற்றியும், கல்தொட்டியைப் பற்றியும், பழம் கொடுத்த காகாவைப் பற்றியும் எழுதினாள். திருநெல்வேலியைப் பற்றியும் எழுத வேண்டுமாம். வரும் கோடை விடுமுறையில் தாமிரபரணிக் கரையில் சைக்கிள் கிடைக்குமா என்று தாத்தாவிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.

அடுத்த தை மாதம், அன்பர்களே, வேனை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்களேன்!